பதினைந்து நாடுகளாகப் பிரிந்த தொழிற்சாலை

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்ததைப் பற்றித் தமிழில் நடந்த பேச்சு பெரும்பாலும் பொதுவுடைமை தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா என்ற வழக்காகவே இருந்துவந்திருக்கிறது. அந்த வழக்கின் சத்தத்தில் வேறொரு கேள்வி அமுங்கிப்போனது: 2 கோடியே 24 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 28 கோடியே 67 லட்சம் மக்களுடன், நூற்றுக்கும் மேற்பட்ட தேசிய இனங்களைக் கொண்டிருந்த ஓர் அரசு 15 தனி நாடுகளாகப் பிரியும்போது, அதன் ஆலைகளும் கடன்களும் ஒப்பந்தங்களும் எல்லைகளும் குடிமக்களும் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்பதே அது. இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டிலிருந்து, அதிலும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தத்தை 1988-இல் மிகயீல் கோர்பச்சேவுடன் செய்துகொண்ட ராஜீவ் காந்தி 1991 மே 21 இரவு கொல்லப்பட்டது ஸ்ரீபெரும்புதூரில்தான். அதன்பின் ஏழு மாதங்களில் கோர்பச்சேவின் நாடே இல்லாமல் போனது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியா தொழில் உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதன் தொடர்ச்சியாகவே இப்பகுதியின் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே கார் ஆலைகள் எழுந்தன.

1922 டிசம்பர் 30 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், காகசஸ் மலைக்கு அப்பாலிருந்த கூட்டாட்சிப் பகுதி ஆகிய நான்கும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சோவியத் ஒன்றியம் உருவானது. பிற்காலத்தில் அது 15 ஒன்றியக் குடியரசுகளாக, அதாவது தத்தம் பெயரில் ஒரு முதன்மைத் தேசிய இனத்தையும் ஒரு தலைநகரையும் ஒரு சட்டமன்றத்தையும் கொண்ட உறுப்பு அரசுகளாக, வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடிமகனின் உள்நாட்டுக் கடவுச்சீட்டிலும் அவருடைய தேசிய இனம் எழுதப்பட்டிருந்தது. 1977 அரசியலமைப்பின் 72-ஆம் பிரிவு, ஒன்றியத்திலிருந்து விருப்பம்போல் பிரிந்துசெல்லும் உரிமை ஒவ்வொரு குடியரசுக்கும் உண்டு என்றே கூறியது. கட்சி ஒன்றே உண்மையான அதிகாரமாக இருந்தவரை அந்தப் பிரிவு யாராலும் பயன்படுத்த முடியாத உரிமையாகவே கிடந்தது. ஆனால் கட்சியின் பிடி தளர்ந்தபோது, பிரிந்துபோவதற்குத் தேவையான எல்லை, தலைநகர், சட்டமன்றம், பெயர் அனைத்தும் ஆயத்தமாக இருந்த 15 அரசுகள் ஏற்கெனவே அங்கே நின்றன. இந்திய அரசியலமைப்பின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று சொன்னாலும் பிரிந்துசெல்லும் உரிமை எதையும் வழங்கவில்லை. மாறாக, மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரத்தை மூன்றாம் பிரிவின் வழியே நாடாளுமன்றத்திடம் வைத்திருக்கிறது. இவ்விரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையிலான தொலைவு, 1991-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையானது.

அரசியல் அமைப்பு இப்படிப் பதினைந்தாக வகுக்கப்பட்டிருக்க, பொருளாதார அமைப்போ ஒன்றே ஒன்றாகப் பின்னப்பட்டிருந்தது. கோஸ்பிளான் எனப்பட்ட மத்தியத் திட்ட அமைப்பு எந்தப் பொருளை எந்த ஊரில் எவ்வளவு செய்வது, அதை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை மாஸ்கோவிலிருந்து தீர்மானித்தது. ஒரு பொருளை ஒரே பெரிய ஆலையில் மொத்தமாகச் செய்தால் செலவு குறையும் என்ற நம்பிக்கையில், நாடு முழுவதற்குமான உற்பத்தி பல நேரங்களில் ஓரிரு ஆலைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. புறநகர் மின்ரயில் பெட்டிகள் லாட்வியாவின் ரீகாவிலிருந்தும், சுரங்கங்களுக்கான ராட்சத லாரிகள் பெலாரஸிலிருந்தும், எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவிகளில் பெரும்பகுதி அஜர்பைஜானின் பாகுவிலிருந்தும் வந்தன. உஸ்பெகிஸ்தானில் விளைந்த பருத்தி ரஷ்யாவின் இவானவோ ஆலைகளில் துணியானது. ஏவுகணைகள் உக்ரைனின் தினீப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரில் செய்யப்பட்டன. விண்கலங்கள் கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டன. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் புறப்பட்ட அந்த ஏவுதளம் இன்று ரஷ்யாவுக்குச் சொந்தமானதல்ல. கஜகஸ்தானிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்ட இடம்.

ஒரகடம் சாலையில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பின்னலின் தன்மையை விளக்குவது எளிது. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒரு கார் ஆலையின் லைன் ஓடுவதற்கு, இருக்கை, கண்ணாடி, வார்ப்படம், ரப்பர் சுருள், ஒயரிங் ஹார்னஸ் என ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் சுற்றுவட்டார வெண்டர்களிடமிருந்து குறித்த மணிக்கு வந்து இறங்க வேண்டும்; கிடங்கில் இருப்பு வைத்துக்கொள்வது செலவு என்பதால், பல பொருள்கள் சில மணி நேரத் தேவைக்கு மட்டுமே வரவழைக்கப்படுகின்றன. ஒருநாள் காலையில் ஸ்ரீபெரும்புதூர் ஒரு நாடாகவும், ஒரகடம் இன்னொரு நாடாகவும், மறைமலைநகர் மூன்றாவது நாடாகவும் மாறி, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நாணயத்தையும் சுங்கச்சாவடியையும் வைத்துக்கொண்டால், எந்த ஆலையும் குண்டு விழாமலேயே நின்றுவிடும். 1992-இல் முன்னாள் சோவியத் நிலப்பரப்பில் நடந்தது ஏறத்தாழ இதுதான். வேறுபாடு என்னவென்றால், ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு ஒரு வெண்டர் போனால் புனேயிலோ கொரியாவிலோ இன்னொரு வெண்டர் கிடைப்பார். சோவியத் ஆலைகளுக்குப் பல பொருள்களில் மாற்று என்று ஒருவருமே இல்லை.

ஒன்றியம் கலைந்ததற்கு ஒற்றைக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் தேசிய உணர்ச்சியையோ அமெரிக்காவையோ கோர்பச்சேவையோ சுட்டுகின்றனர். எண்ணெய் விலையையும் வரி வருவாயையும் பார்க்காமல் அந்தக் கதை முழுமையடையாது. தானியத்தை வெளிநாட்டில் வாங்கவேண்டிய நிலையிலிருந்த சோவியத் அரசுக்கு அந்நியச் செலாவணி தந்தது எண்ணெயும் எரிவாயுவும். 1985-இல் பீப்பாய் ஒன்றுக்கு 27 டாலரை ஒட்டியிருந்த எண்ணெய் விலை அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. 1985 மார்ச்சில் கட்சிப் பொதுச்செயலாளரான கோர்பச்சேவ், வெளிப்படைத்தன்மை என்ற பொருளில் கிளாஸ்நாஸ்த் என்றும் மறுசீரமைப்பு என்ற பொருளில் பெரஸ்த்ரோய்க்கா என்றும் அழைக்கப்பட்ட சீர்திருத்தங்களைத் தொடங்கினார். பேசும் உரிமை வந்தபோது மக்கள் முதலில் பேசியது, ஐம்பது ஆண்டுகளாகப் பேச முடியாமலிருந்ததையே. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று பால்டிக் குடியரசுகளும் 1940-இல் வலுக்கட்டாயமாக இணைக்கப்பட்டவை. அதற்கு வழிவகுத்த ஹிட்லர்–ஸ்டாலின் உடன்பாட்டின் 50-ஆம் ஆண்டு நாளான 1989 ஆகஸ்ட் 23 அன்று, தாலின் நகரிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேலாக, ஏறத்தாழ 20 லட்சம் பேர் கைகோத்து நின்றனர். 1990 மார்ச் 11 அன்று லித்துவேனியா விடுதலையை அறிவித்தது.

ஆயினும் ஒரு சிறிய குடியரசு விலகுவதால் ஒரு பேரரசு கலைந்துவிடாது. தீர்மானகரமான அடி மையத்திலிருந்தே வந்தது. 1990 ஜூன் 12 அன்று ரஷ்யக் குடியரசின் நாடாளுமன்றம், தன் நிலத்தில் ஒன்றியத்தின் சட்டத்தைவிடத் தன் சட்டமே மேலானது என்று இறையாண்மைத் தீர்மானம் நிறைவேற்றியது. மற்ற குடியரசுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் சென்றன. எந்த அதிகாரிக்கும் யாருடைய ஆணை செல்லும் என்று தெரியாத இந்நிலையை அன்று சட்டங்களின் போர் என்றே அழைத்தனர். குடியரசுகள் தாம் திரட்டிய வரியை ஒன்றியக் கருவூலத்துக்கு அனுப்புவதை 1991-இல் குறைத்தன, பின்பு நிறுத்தின. ஒன்றிய அரசு நோட்டடித்துச் சம்பளம் கொடுத்தது. கடைகளில் அலமாரிகள் காலியாயின. வரி வராத அரசிடம் படையும் அணுகுண்டும் இருந்தும் பயனில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு நிகழ்வு இருபதாம் நூற்றாண்டில் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே 1991 மார்ச் 17 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ஆறு குடியரசுகள் புறக்கணித்த நிலையிலும், வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் புதுப்பிக்கப்பட்ட ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்றே கூறினர். அதிகாரத்தைக் குடியரசுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் புதிய உடன்படிக்கை ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாகவிருந்தது. அதைத் தடுத்து ஒன்றியத்தைக் காப்பதாகக் கூறி முந்தைய நாள் கட்சி, படை, உளவுத்துறை ஆகியவற்றின் தலைவர்கள் சிலர் நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பு மூன்றே நாளில் தோற்றது. ஒன்றியத்தைக் காக்க எழுந்த முயற்சியே அதன் முடிவை விரைவுபடுத்தியது. ஆகஸ்ட் 24 அன்று உக்ரைன் விடுதலையை அறிவித்து, டிசம்பர் 1 அன்று மக்களிடம் வாக்குக் கேட்டபோது 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். ரஷ்யர் பெரும்பான்மையாக வாழ்ந்த கிரிமியாவிலும் ஆதரவு 54 விழுக்காடு. உக்ரைன் இல்லாத ஒன்றியத்தில் ரஷ்யாவுக்கும் நாட்டம் இல்லை. டிசம்பர் 8 அன்று பெலாரஸின் பெலவேஷா காட்டில் கூடிய ரஷ்யாவின் போரிஸ் யெல்ட்சின், உக்ரைனின் லியோனித் கிராவ்ச்சுக், பெலாரஸின் ஸ்டானிஸ்லாவ் ஷுஷ்கேவிச் ஆகிய மூவரும், 1922-இல் ஒன்றியத்தைத் தோற்றுவித்தவர்களில் எஞ்சியிருப்பவர்கள் என்ற முறையில், அது இனி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டனர். டிசம்பர் 21 அன்று அல்மா-அட்டாவில் 11 குடியரசுகள் அதை ஏற்றன. 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார். மறுநாள் ஒன்றிய நாடாளுமன்றத்தின் மேலவை தன்னையும் நாட்டையும் முடித்துக்கொண்டது.

ஓர் அரசு மறையும்போது அதன் உரிமைகளும் கடமைகளும் புதிய அரசுகளுக்கு மாறுவதைச் சட்ட அறிஞர்கள் அரசு வாரிசுரிமை என்று அழைக்கின்றனர். இதில் இருவகை உண்டு: பிரிந்தவற்றுள் ஒன்று பழைய அரசின் தொடர்ச்சியாகவே ஏற்கப்படுவது ஒருவகை, எல்லோரும் புதியவர்களாகவே கருதப்படுவது மற்றொரு வகை. 1947-இல் பிரிட்டிஷ் இந்தியா பிரிந்தபோது ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவின் உறுப்பினர் இடம் தொடர்ந்தது, பாகிஸ்தானோ புதிதாக விண்ணப்பித்துச் சேர்ந்தது. கருவூல இருப்பிலும் கடனிலும் 17.5 விழுக்காடு பாகிஸ்தானுக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. 1991-இல் ரஷ்யா அதே தொடர்ச்சி நிலையைப் பெற்று, பாதுகாப்புச் சபையின் நிரந்தர இருக்கையில் அமர்ந்தது. பங்கு பிரிக்கும் பேச்சு நெடுநாள் இழுத்தடித்தபின், வெளிநாட்டுக் கடன் முழுவதையும் தானே ஏற்று அதற்கு ஈடாக வெளிநாட்டுச் சொத்து முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. யுகோஸ்லாவியா பிரிந்தபோது செர்பியாவும் மாண்டினீக்ரோவும் அதே தொடர்ச்சியைக் கோரின; உலகம் ஏற்கவில்லை, 2000-இல் புதிய உறுப்பினராகவே சேர முடிந்தது.

இந்தச் சட்ட நுணுக்கத்தின் எடையைத் தமிழ்நாட்டில் நேரடியாக உணர்ந்த ஊர் கூடங்குளம். 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணுஉலைகளைச் சோவியத் ஒன்றியம் கடனுதவியுடன் அமைத்துத்தர வேண்டும். ஒப்பந்தம் செய்த ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்து, மற்றொருவர் நாட்டையே இழந்தபின், திட்டம் பல ஆண்டுகள் காகிதத்திலேயே நின்றது. 1992-இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் கூட்டமைப்பு, தன் அணுநிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்படுத்தாத நாட்டுக்கு உலை விற்கக் கூடாது என்று விதி செய்தது. இந்தியா அத்தகைய நாடு. 1998 ஜூன் 21 அன்று ரஷ்யா கூடங்குளத்துக்கான துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்தது. 1988 ஒப்பந்தம் புதிய விதிக்கு முந்தையது, அதன் கடமையைச் சோவியத் ஒன்றியத்தின் வாரிசாகத் தான் நிறைவேற்றுவதாக ரஷ்யா பதிலளித்தது. இல்லாமல் போன ஒரு நாட்டின் கையெழுத்து செல்லும் என்ற வாதத்தின் மீதே கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள் நிற்கின்றன.

ஆனால் பழைய ஒப்பந்தம் அப்படியே திரும்ப வரவில்லை. எரிந்து முடிந்த அணு எரிபொருளைச் சோவியத் ஒன்றியமே திரும்ப எடுத்துச்செல்லும் என்று முதலில் இருந்த ஏற்பாடு, அது இந்தியாவிலேயே வைத்துக்கொள்ளப்படும் என்று பின்னர் மாறியது. ஒன்றியம் கலைந்ததொன்றே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகலாம். அந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்யும் விருப்பம் இந்திய அணுசக்தித் துறைக்கும் உண்டு. எப்படியானாலும், 2011-க்குப் பின் இடிந்தகரையில் போராடிய மீனவ மக்கள் கேட்ட முதன்மையான கேள்விகளில் ஒன்று அந்தக் கழிவு எங்கே வைக்கப்படும் என்பது. 2002 மார்ச்சில் கட்டுமானம் தொடங்கிய முதல் உலை 2013 ஜூலையில்தான் அணுப்பிளவைத் தொடங்கியது. ஒப்பந்தத்துக்கும் அதற்கும் இடையே கால் நூற்றாண்டு.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மிகவும் அருகிலுள்ள சான்று ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1980-களின் பிற்பகுதி முதல் சோவியத் உரிமத்தின் பேரில் டி-72 வகை டாங்கிகள் அஜேயா என்ற பெயரில் செய்யப்பட்டுவந்தன. சோவியத் டாங்கித் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று யூரல் பகுதியின் நிஷ்னி தகீல், மற்றொன்று கார்கிவ். 1991-க்குப் பின் முதலாவது ரஷ்யாவில், இரண்டாவது உக்ரைனில். சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தவித்த கார்கிவ் ஆலைக்கு 1996-இல் ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது: 320 டி-80 வகை டாங்கிகள், வாங்குபவர் பாகிஸ்தான். அந்த டாங்கியின் பாகங்களில் பெரும்பகுதி ரஷ்ய ஆலைகளில் செய்யப்பட்டவை. இந்தியாவின் மனத்தாங்கலையும் கருதி ரஷ்யா அவற்றைத் தர மறுத்தது. உக்ரைன் கையிருப்பைக் கொண்டும் புதிதாகத் தானே செய்தும் ஆர்டரை முடித்தது. பாகிஸ்தானின் இந்தப் புதிய டாங்கிகளுக்கு ஈடுகொடுக்க இந்தியா 2001 பிப்ரவரியில் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றில் 124 முழுமையாக வந்தன, 186 ஆவடியில் பூட்டப்பட்டன. பத்தாண்டுகளுக்கு முன்பு வரை ஒரே அமைச்சகத்தின் கீழ் இயங்கிய இரண்டு ஆலைகள் எதிரெதிர் நாடுகளுக்கு ஆயுதம் விற்றன. அதன் விளைவாக ஆவடித் தொழிலாளர்களின் கைவேலை மாறியது.

கடற்படையில் இந்தப் பிளவு இன்னும் வினோதமான வடிவம் எடுத்தது. சோவியத் போர்க்கப்பல்களின் எரிவாயுச் சுழலி இயந்திரங்கள் உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரில் செய்யப்பட்டவை. 2014-இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியபின் உக்ரைன் அவற்றை ரஷ்யாவுக்கு விற்பதை நிறுத்தியதால், ரஷ்யக் கப்பல்தளங்களில் உடற்பகுதி முடிந்த கப்பல்கள் இயந்திரமின்றி நின்றன. அவற்றில் இரண்டை இந்தியா வாங்கிக்கொண்டு, சுழலிகளை உக்ரைனிடம் தானே நேரடியாக வாங்கி ரஷ்யத் தளத்துக்குக் கொடுத்தது. அப்படி முடிக்கப்பட்ட ஐ.என்.எஸ். துஷில் 2024 டிசம்பர் 9 அன்று கலினின்கிராத் நகரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. போரிட்டுக்கொண்டிருக்கும் இரு நாடுகளின் வேலைப்பாடு ஒரே கப்பலுக்குள் இருக்கிறது. அது சேர்க்கப்பட்ட நகரமும், லித்துவேனியா தனிநாடானதால் ரஷ்யாவின் மற்ற நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட தீவுபோன்ற பகுதியாகும்.

வணிகத்தில் அடி உடனடியாக விழுந்தது. 1950-களிலிருந்து இந்திய–சோவியத் வணிகம் டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே நடந்தது. இந்தியா வாங்கிய இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் ஆயுதத்துக்குமான தொகை ரூபாயில் வரவு வைக்கப்பட்டு, அதைக் கொண்டு சோவியத் ஒன்றியம் தேயிலை, தோல் பொருள், பின்னலாடை, மருந்து முதலியவற்றை வாங்கியது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமும் நந்தம்பாக்கத்தின் அறுவைசிகிச்சைக் கருவி ஆலையும் சோவியத் உதவியால் எழுந்தவை. 1990–91-இல் இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டுக்குச் சென்றது. இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளரும் அதுவே. வாங்குபவரே இல்லாமல் போனபோது, குன்னூர் ஏலத்தை நம்பியிருந்த நீலகிரி விவசாயிகளும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர்களும் அந்த வெற்றிடத்தைச் சந்தித்தனர். இந்தியா கொடுக்கவேண்டிய பழைய கடனை எந்த மாற்று விகிதத்தில் கணக்கிடுவது என்ற தகராறு 1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லிக்கு வந்தபோதுதான் தீர்ந்தது: கடனில் 37 விழுக்காட்டை வட்டியின்றி 45 ஆண்டுகளில் அடைப்பது என்று முடிவாயிற்று.

வாசகர்களுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் தமிழில் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சில ரூபாய்க்குக் கொண்டுவந்து விற்றது. அவற்றுக்காக மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்த்த ரா. கிருஷ்ணய்யா, பூ. சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பால் ரஷ்ய இலக்கியமும் அறிவியலும் சிற்றூர் நூலகங்கள்வரை சென்றன. ஒன்றியத்தோடு அந்தத் தமிழ்ப் பிரிவும் முடிந்தது. தமிழ்ப் பதிப்புலகம் அந்த விலையில் அந்தத் தரத்தை மீண்டும் காணவில்லை.

1991-இல் இந்தியா சந்தித்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பல காரணங்கள் உண்டு. அரசின் பற்றாக்குறை, வளைகுடாப் போரால் ஏறிய எண்ணெய்ச் செலவு, அங்கிருந்து வரும் பணம் குறைந்தது ஆகியவற்றோடு சோவியத் சந்தையின் சரிவும் சேர்ந்துகொண்டது. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது; ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது; ஜூலை 24 அன்று புதிய தொழிற்கொள்கை வெளியானது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் முழு உரிமையுடன் இங்கே கார் ஆலை அமைப்பது அதன்பின்பே இயல்வதாயிற்று. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தது, 1998-இல் சான்ட்ரோ வந்தது. 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர் என ஒரகடம் நிரம்பியது. மாஸ்கோவின் சரிவால் ஸ்ரீபெரும்புதூர் எழுந்தது என்று நேர்க்கோடு இழுப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஆனால் இரண்டுக்கும் அதே ஆண்டின் நெருக்கடி பொதுவானது.

எல்லைகளைப் பொறுத்தவரை 1991-இல் ஒரு விதி பின்பற்றப்பட்டது: குடியரசுகளின் உள் எல்லைகள் எப்படி இருந்தனவோ அப்படியே நாட்டெல்லைகளாக ஏற்கப்பட்டன. பெரும்போர் ஒன்றைத் தவிர்த்த விதி என்று அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோடுகள் நிர்வாக வசதிக்காகவும் சில நேரம் பிரித்தாளவும் போடப்பட்டவை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்ததையும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றதையும் அறிந்த தமிழர்களுக்கு, மாநிலக் கோடு ஒரே நாளில் முள்வேலியானால் என்ன ஆகும் என்பது புரியும். 1954-இல் உக்ரைனுக்கு மாற்றப்பட்ட கிரிமியா, அஜர்பைஜானுக்குள் அர்மீனியர் வாழ்ந்த நகோர்னோ-கராபாக், மூன்று நாடுகளுக்கிடையே துண்டாடப்பட்ட ஃபெர்கானா சமவெளி ஆகிய இடங்களில் அந்தக் கோடுகள் ரத்தமாகின.

குடியுரிமை இன்னொரு புண். ஒன்றியம் கலைந்தபோது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் ரஷ்யாவுக்கு வெளியே இருந்தனர். லித்துவேனியா தன் நிலத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் குடியுரிமை தர முன்வந்தது. லாட்வியாவோ 1940-க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே தந்ததால், ஏறத்தாழ 7 லட்சம் பேர் குடிமக்கள் அல்லாதோர் என்ற தனி வகையாயினர். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களை ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் நாடற்றவர்களாக்கியதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். பால்டிக் மக்கள் தாங்கள் ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் என்று சொல்வதில் உண்மை உண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் யாரையும் ஆக்கிரமிக்கவில்லை. இருந்தும், பிறந்த ஊரிலேயே ஒருவரை வேற்றாளாக்கும் சட்டம், எந்த நியாயத்தைச் சொல்லி வந்தாலும், பல தலைமுறைகளை அலைக்கழிக்கிறது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தபோது, அறுந்துபோகாமல் எஞ்சியிருந்த பழைய இழைகளும் அறுந்தன. அந்த அதிர்வு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி நிறுவனங்களின் உலகக் கணக்குகளிலும் பதிந்தது. ரெனோ, சோவியத் காலத்து லாடா கார்களைச் செய்த அவ்டோவாஸ் நிறுவனத்தில் தன் பங்கை ஒரு ரூபிளுக்கு விற்று வெளியேறியது; நிசான் தன் ரஷ்யத் தொழிலை ஒரு யூரோவுக்கு விற்றது; டெய்ம்லர் ட்ரக் ரஷ்யாவின் காமஸ் லாரி நிறுவனத்துடனான ஒத்துழைப்பை நிறுத்தியது; ஹூண்டாய் தன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆலையை 2024-இல் பெயரளவான தொகைக்குக் கைமாற்றியது. உக்ரைனில் ஒயரிங் ஹார்னஸ் செய்த ஆலைகள் நின்றதால் ஜெர்மனியின் கார் லைன்கள் நின்றன. ரஷ்யாவுடன் டாலர் வழி வணிகம் அடைபட்டதால் ரூபாயில் வணிகம் செய்யும் வழியை ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் மீண்டும் திறந்தது. ஆனால் இந்தியா எண்ணெயை ஏராளமாக வாங்கி, விற்றது குறைவாக இருந்ததால், செலவிட வழியில்லாத ரூபாய் ரஷ்யர்களின் கணக்கில் குவிந்தது.

படையெடுப்பின் முதல் வாரங்களில் கார்கிவ், கீவ் நகரங்களின் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து தமிழ்நாட்டு மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடந்து, இந்திய அரசின் ஆபரேஷன் கங்கா மீட்பு விமானங்களில் ஊர் திரும்பினர். சோவியத் காலத்திலேயே மூன்றாம் உலக நாடுகளின் மாணவர்களுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் கற்பித்த கல்லூரிகளும் அவற்றில் உண்டு. இந்தியாவில் தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட இயலாத குடும்பங்கள் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்தன. இந்தியக் கல்லூரிகளில் அவர்களுக்கு இடமில்லை என்றானது. வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறி மீதிப் படிப்பை முடிக்கலாம் என்று 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அனுமதித்தது. அப்படி மாறியவர்களில் பலர் சென்று சேர்ந்த நாடுகள் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா. உக்ரைனில் விட்ட பாடத்தை, 1991 வரை ஒரே அமைச்சகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய கல்லூரிகளில் அவர்கள் தொடர்ந்தனர்.